கட்டடக்கலை ஆவணக் காப்பு: மகளின் விருப்பத்தைக் கண்டு அஞ்சும் ஒரு தாய்க்கு

அன்புள்ள அம்மா,

மகளோடு வந்து இரண்டு மணி நேரம் பேசிச் சென்ற பிறகும் உங்கள் மனம் அமைதியடையவில்லை என்பது உங்கள் கடிதத்தில் தெரிகிறது. கணிதத்தில் நல்ல மதிப்பெண் எடுத்த பெண் கணினிப் பொறியியலை வேண்டாமென்று சொல்லி, பெண் கட்டடக்கலைஞர்களின் பழைய வரைபடங்களைக் காக்கும் வேலைக்குப் போகிறேன் என்றால் எந்தத் தாய்க்கும் கவலை வரும். ஆனால் அந்தக் கவலையில் பாதி உறவினர்கள் தந்தது. கட்டணத்தில் ஒரு பங்கையும் ஏற்காத அவர்கள், பிடிக்காத வேலையில் அவள் சோர்ந்து உட்காரும் நாளிலும் உடனிருக்கப் போவதில்லை. அவர்களுடைய கருத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். கணினிப் பொறியியலைப் பற்றி நீங்கள் வேண்டிய மட்டும் கேட்டிருப்பீர்கள் என்பதால், யாரும் உங்களிடம் சொல்லாததை எழுதுகிறேன்.

அயர்லாந்தில் பிறந்த கட்டடக்கலைஞர் எய்லின் கிரே என்ற பெண் 1929இல் கட்டி முடித்த ஈ-1027 என்னும் வீட்டின் சுவர்களில், அவரைக் கேட்காமலேயே புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் லெ கொர்புசியே ஓவியங்களைத் தீட்டினார். பிற்காலத்தில் அந்த வீடே ஓவியம் தீட்டியவருடையது என்று பலரும் நம்பினர். 1904இல் கலிபோர்னியாவில் உரிமம் பெற்ற முதல் பெண் கட்டடக்கலைஞரான ஜூலியா மார்கன் எழுநூறுக்கும் மேற்பட்ட கட்டடங்களை வடிவமைத்தார். அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கழகத்தின் தங்கப் பதக்கம் அவருக்கு 2014இல்தான் கிடைத்தது, அவர் இறந்து 57 ஆண்டுகள் கழித்து. இப்படிப் பிந்திய அங்கீகாரம் வருவதற்குக்கூட யாரோ ஒருவர் தாள்களைப் பத்திரப்படுத்தியிருக்க வேண்டும். ஜெர்மானிய வடிவமைப்பாளர் லில்லி ரைக் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், தம்மோடு பணியாற்றிய கட்டடக்கலைஞர் மீஸ் வான் டெர் ரோவின் ஆயிரக்கணக்கான வரைபடங்களோடு தம்முடையவற்றையும் சேர்த்து பெர்லினுக்கு வெளியே அனுப்பிக் காத்ததால்தான், அந்தப் புகழ்பெற்ற ஆணின் ஆரம்பகாலப் பணியும் ரைக்கின் சொந்தப் பணியும் இன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இந்த வேலையை நிறுவனமாக்கியவர் மில்கா பிளிஸ்னகாவ் என்ற கட்டடக்கலைப் பேராசிரியர். முன்னோடிப் பெண்களின் வரைபடங்கள் அவர்கள் இறந்ததும் சிதறிப்போவதைக் கண்டு, 1985இல் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் பெண் கட்டடக்கலைஞர்களுக்கான பன்னாட்டு ஆவணக்காப்பகத்தைத் தொடங்கினார். ஃபிலிஸ் லாம்பர்ட் மாண்ட்ரியாலில் நிறுவிய கனடியக் கட்டடக்கலை மையமும் வரைபடச் சேகரிப்புக்குப் பெயர்பெற்றது.

அங்கே வேலை செய்பவர்கள் நாள் முழுவதும் தூசி தட்டுகிறார்கள் என்று எண்ண வேண்டாம். பல ஆண்டுகள் சுருட்டி வைத்த ட்ரேசிங் தாளை அவசரப்பட்டு விரித்தால் விளிம்பு முறிந்துவிடும். ஈரப்பதத்தை மெல்ல ஏற்றி, தாள் தளர்ந்த பின்பே சமப்படுத்த வேண்டும். நீலப் பின்னணியில் வெள்ளைக் கோடுகள் கொண்ட ப்ளூபிரிண்ட் வெளிச்சத்தில் மங்கும். இருட்டில் வைத்தால் அந்த நீலம் ஓரளவு மீண்டு வரும். பிற தாள்களை அமிலத்திலிருந்து காக்கும் காரம் சேர்த்த உறை, ப்ளூபிரிண்டின் நிறத்தை அழித்துவிடும். ஆகவே எந்தத் தாள் எந்த முறையில் அச்சானது என்று கண்டறியாமல் உறையில்கூடப் போட முடியாது. அதன் பிறகு துப்பறியும் வேலை தொடங்குகிறது. நிறுவனத்தின் பெயர் ஓர் ஆணுடையதாக இருக்கும். மூலையிலுள்ள சிறு கட்டத்தில் வரைந்தவரின் முதலெழுத்துகள் மட்டும் இருக்கும். அவற்றைச் சம்பளப் பதிவேட்டோடும் கடிதங்களோடும் ஒப்பிட்டு, வரைந்தவள் யார் என்று நிறுவ வேண்டும். பழைய நெகிழ்வட்டுகளில் (ஃப்ளாப்பி) சிக்கியிருக்கும் கணினி வரைபடங்களைத் திறக்கும்படி செய்வதும் இன்று இதே துறையின் பணி. உங்கள் மகளின் கணிதம் வீணாகாது.

என் அறையில் ஒரு பழைய வரைபட நகலை நான் விரித்தபோது நீங்கள் கட்டடத்தின் முகப்பைப் பார்த்தீர்கள். உங்கள் மகள் மூலையிலிருந்த இரண்டு எழுத்துகளைக் காட்டி, "இது யார்?" என்று கேட்டாள். இந்த நாட்டத்தை யாரும் கற்றுக்கொடுக்க முடியாது; அதை வேறு படிப்பால் மாற்றிவிடலாம் என்று முயல்வதை நான் வன்மையாக எதிர்க்கிறேன்.

செலவிலும் அதே உறுதியோடு சொல்கிறேன். இத்துறையில் பணியிடங்கள் குறைவு, ஊதியம் மிதமானது, பல பணிகள் நிதியுதவி இருக்கும் வரை மட்டுமே நீடிப்பவை. ஆகையால் கடன் வாங்கிப் படிக்க வேண்டாம். முதலில் கட்டணம் குறைந்த கல்லூரியில் கட்டடக்கலைப் பட்டம் படிக்கட்டும். ஆவணக் காப்பில் இடம் கிடைக்காத ஆண்டுகளில் கட்டடக்கலைஞராகவே அவளால் பிழைக்க முடியும். ஆவணக் காப்பு அல்லது கட்டடப் பாதுகாப்பில் மேற்படிப்பு, உதவித்தொகை கிடைத்தால் மட்டும். பெயர்பெற்ற பல்கலைக்கழகம் என்பதற்காக வீட்டை அடகு வைக்க நினைத்தால் என் ஒப்புதல் உங்களுக்குக் கிடைக்காது.

விண்ணப்பிப்பதற்கு முன், வயதான கட்டடக்கலைஞர் ஒருவரின் அலுவலகத்தில் இரண்டு மாதம் ஊதியமின்றி அவள் உதவட்டும். அங்கே சுருட்டிக் கிடக்கும் வரைபடங்களை எண்ணி, ஆண்டு, தாளின் வகை, வரைந்தவர் என்று பட்டியலிடட்டும். அந்தப் பட்டியலையும், நீங்கள் விசாரித்த கல்லூரிகளின் கட்டண விவரத்தையும் எடுத்துக்கொண்டு இருவரும் வாருங்கள். எந்தக் கல்லூரி என்பதை அன்று முடிவு செய்வோம்.