படக்குழாய் சொல்லும் பொய்

கேள்வி: பாலக்காட்டில் மூடிப்போன ஒரு வீடியோ கேம் கடையின் ஆளுயரப் பெட்டியை என் மாமா பழைய இரும்புக் கடையில் பிடித்து வாங்கி வந்தார். உள்ளே ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ ஓடுகிறது. ஆனால் பெட்டி அதைவிடப் பழையது. வெளியே முழுக்கக் கறுப்புச் சாயம். அணைத்த பிறகு பார்த்தால் திரையில் பேக்மேன் ஆட்டத்தின் சுவர்க்கோடுகள் ஒருக்களித்துப் படுத்தபடி மங்கலாகத் தெரிகின்றன. பொத்தான் பலகையின் மேல்தகட்டைக் கழற்றினேன். அடியில் இருக்கும் பழைய இரும்புத் தகட்டில், பட்டி பூசி அடைத்த பெரிய வட்ட ஓட்டை ஒன்று. அதன் இடப்புறம் சிறிய ஓட்டைகள் மூன்று. படங்கள் இணைத்திருக்கிறேன். இது பேக்மேன் பெட்டிதானே? சாயத்தைச் சுரண்டிப் பழையபடி ஆக்கிவிடலாமா?
– ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: பேக்மேன் இல்லை. உங்களை ஏமாற்றியது அந்தத் திரை. பேக்மேனின் சுவர்கள் ஆட்டம் முழுக்க நகராமல் நிற்பவை. ஆண்டுக்கணக்கில் ஒரே இடம் ஒளிர்ந்துகொண்டிருந்தால் படக்குழாயின் உட்பூச்சு அங்கே மட்டும் தேய்ந்து, அணைத்த பிறகும் கோடாகத் தெரியும். ஆகவே குழாய் ஒரு காலத்தில் பேக்மேன் பெட்டியில் இருந்தது உண்மை. பெட்டியைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. கடைக்காரர்கள் குழாயைப் பெட்டி விட்டுப் பெட்டி மாற்றுவார்கள். 1990களில் பாலக்காட்டுப் பக்கம் இந்தப் பெட்டிகளைப் பழுது பார்த்தவன் என்ற முறையில், அந்தப் பாவத்தில் எனக்கும் பங்குண்டு. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வாசலில் நிற்கும்போது, ஓடாத பெட்டியின் குழாயைப் பிடுங்கி ஓடுகிற பெட்டியில் வைப்போமே தவிர, எது எதற்குச் சொந்தம் என்றா பார்ப்போம்?

அன்றிலிருந்து என் கணக்கு இதுதான்: திருகாணியைக் கழற்றினால் கையோடு வந்துவிடும் எதையும் முதல் சாட்சியாக எடுக்கக் கூடாது. முதலில் மரத்தைப் பார்க்க வேண்டும். பேக்மேனுக்குத் திரை நெட்டுக்குத்தாக நிற்க வேண்டும். உங்களுடையது அகலவாட்டில் இருப்பதால்தான் கோடுகள் படுத்துக் கிடக்கின்றன. யாராவது திருப்பி வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். உங்கள் மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். திரையைத் தாங்கும் கட்டைகள் அகலவாட்டுக்கென்றே அறையப்பட்டவை. பக்கப் பலகையில் வேறு போல்ட் ஓட்டை இல்லை, கட்டையைப் பெயர்த்த பசைத் தழும்பும் இல்லை. இந்தப் பெட்டியில் திரை எப்போதும் அகலவாட்டில்தான் இருந்திருக்கிறது.

அடுத்து அந்தத் தகடு. இதுவும் கழலக்கூடியதுதான், ஆனால் அதன் கீல் பதிந்த இடத்தைப் பாருங்கள். ஆணியின் துரு மரத்துக்குள் இறங்கிக் கறையாகியிருக்கிறது. பக்கத்தில் மறுமுறை துளைத்த தடம் ஒன்றுகூட இல்லை. தகடும் பெட்டியும் கூடவே பிறந்தவை. பட்டி பூசிய வட்டம், உள்ளங்கையால் உருட்டும் டிராக்பால் பந்து இருந்த இடம். (எங்கள் வேலந்தாவளத்தில் மலையாளத் தச்சரிடம் ‘பட்டி பூசுங்கள்’ என்று சொல்லிப் பாருங்கள், நாயை எதற்குப் பூசுவது என்று முழிப்பார்.) பந்து வைத்த ஆட்டங்களில் பெயர்போனவை இரண்டு, இரண்டுமே அட்டாரி நிறுவனத்துடையவை: 1980இன் ‘மிசைல் கமாண்ட்’, 1981இன் ‘சென்டிபீட்’. சென்டிபீடுக்குத் திரை நெட்டுக்குத்து, சுடுவதற்கு ஒரே பொத்தான். மிசைல் கமாண்டுக்குத் திரை அகலவாட்டு, பொத்தான் மூன்று. ஆறு நகரங்களைக் காக்க மூன்று ஏவுதளங்கள் உண்டு. தளத்துக்கு ஒரு பொத்தான். உங்கள் மூன்று ஓட்டைகளும் அவைதான். மிசைல் கமாண்ட் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே கம்பிக் கற்றையில் 56 முனை கொண்ட இணைப்பான் இருக்குமே, அதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது ஆட்டப் பலகைகளைப் பெட்டியோடு இணைக்க 1985இல் ஜப்பானில் வகுத்த ஜாமா என்ற பொது முறை. பெட்டியை மாற்றியவர் பிற்பாடு சேர்த்தது.

சாயத்தைச் சுரண்டாதீர்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கப் பலகையோடு ஒட்டிச் சாய்த்து அடியுங்கள். கறுப்புக்கு அடியில் பழைய ஓவியத்தின் விளிம்புகள் மேடாகத் தெரிந்தால், கண்ணில் படாத கீழ்மூலையில் உள்ளங்கை அகலம் மட்டும் எடுத்துப் பாருங்கள். ஓவியமும் சாயத்தோடு உரிந்து வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பழையபடி ஆக்குவது பற்றி: தகட்டில் ஏற்கெனவே ஆளுக்கு ஆறு பொத்தானாகப் பன்னிரண்டு ஓட்டை போட்டாகிவிட்டது. புதுத் தகடும் டிராக்பாலும் மிசைல் கமாண்ட் மின்சுற்றுப் பலகையும் கைக்கு வரும்வரை ஸ்ட்ரீட் ஃபைட்டரே ஓடட்டும். அதுவும் நல்ல ஆட்டம்தான்.

இன்னொன்று. இரண்டாவது படத்தில் குழாயின் பின்னால் உங்கள் விரல் தெரிகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் குழாயில் பல ஆயிரம் வோல்ட் தங்கியிருக்கும். இனி உள்ளே கை வைப்பதானால், பக்கத்தில் பழைய டி.வி. மெக்கானிக் ஒருவர் இருக்கட்டும்.

கேள்வி: எங்களிடம் இருப்பது எதிரெதிரே உட்கார்ந்து ஆடும் மேசைப் பெட்டி. இரண்டு பேர் ஆடினால், அடுத்தவர் முறை வரும்போது படம் தலைகீழாகிவிடுகிறது. உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையை மாற்ற வேண்டுமா?
– ஒரு வாசகி, ஆரியங்காவு

பதில்: வேண்டாம் அம்மா. எதிரில் இருப்பவருக்கு நேராகத் தெரியத்தான் அது திரும்புகிறது. நீங்கள் எழுந்துபோய் அந்தப் பக்கம் உட்கார்ந்து பாருங்கள்.