அடியில் வரும் 12,400 யாருடைய பணம்?

கேள்வி: கடலூர் முதுநகரில் எங்கள் குடும்பம் மீன் ஏலக் கமிஷன் தொழில் செய்கிறது. மாமனார் நோட்டில் எழுதிவந்த கணக்கை நான் எக்செல்லுக்கு மாற்றியிருக்கிறேன். வியாபாரிகள் எங்களுக்குத் தர வேண்டிய பாக்கியைக் கூட்டல் எண்ணாகவும், படகுக்காரர்களுக்கு நாங்கள் தர வேண்டிய மீன் கிரயத்தைக் கழித்தல் எண்ணாகவும் ஒரே நெடுவரிசையில் போட்டேன். அடியில் மொத்தம் 12,400 ரூபாய் என்று வருகிறது. மாமனாரோ வர வேண்டிய பாக்கி மட்டுமே 3,84,000 என்கிறார். ஒரு படகுக்காரர் பெயர் இரண்டு இடத்தில் வருகிறது: முன்பணம் 60,000 வாங்கியிருக்கிறார், அவருக்கு 38,000 கிரயமும் தர வேண்டும். வங்கிக் கணக்கிலிருந்து எடுத்து ஒட்டிய தொகைகள் கழியவே இல்லை. தெரிந்த ஒருவர், "கழித்தல் குறியை எல்லாம் எடுத்துவிட்டு ரெடிமேட் ஷீட் போட்டுத் தருகிறேன், 6,000 ரூபாய்" என்கிறார். கொடுக்கலாமா? — ஒரு வாசகி

பதில்: கொடுக்க வேண்டாம் அம்மா. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் மாமனாருக்கும் கணினிக்கும் உள்ள வழக்கைத் தீர்த்துவிடுவோம்.

இருவர் சொல்வதும் சரி. வர வேண்டியதில் தர வேண்டியது போக மிச்சம் 12,400. மாமனார் சொல்வது வர வேண்டியது மட்டும். உங்கள் கணக்குப்படி படகுக்காரர்களுக்குத் தர வேண்டியது 3,71,600. அது அந்த மொத்தத்துக்குள் முங்கிக் கிடக்கிறது. 12,400-ஐ யாரிடமும் போய்க் கேட்டு வாங்க முடியாது, ஏனென்றால் அது யாருடைய பாக்கியும் இல்லை. வியாபாரிகள் ஒரு வாரம் இழுத்தடித்தால் படகுக்காரர்களுக்கு எதை எடுத்துக் கொடுப்பீர்கள்? அந்தக் கேள்விக்கு மாமனாரின் நோட்டில் விடை இருக்கிறது, உங்கள் ஷீட்டின் அடிவரியில் இல்லை. அனுபவசாலிகள் நிகர மொத்தத்தை முதலில் பார்க்காததற்குக் காரணம் இதுதான்.

ஆகவே அடியில் ஒரு வரி போதாது, மூன்று வரி வேண்டும். தொகைகள் சி2 கட்டத்திலிருந்து சி200 வரை இருப்பதாக வைத்துக்கொள்கிறேன்.

வர வேண்டியது: =சம்இஃப்(சி2:சி200,">0")
தர வேண்டியது: =சம்இஃப்(சி2:சி200,"<0")
நிகரம்: =சம்(சி2:சி200)

நான் தமிழில் எழுதியிருப்பதைக் கணினியில் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். 'சம்' என்பது எஸ், யு, எம். 'சம்இஃப்' என்பதற்கு அதோடு ஐ, எஃப் சேரும். நடுவே இடைவெளி கூடாது. மேற்கோள் குறிகளை விசைப்பலகையிலேயே தட்டுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் சூத்திரத்தை நகலெடுத்து ஒட்டினால் சில நேரம் வளைந்த மேற்கோள் குறி வந்து உட்காரும், எக்செல் பிழை காட்டும், நீங்கள் உங்களையே நொந்துகொள்வீர்கள்.

முதல் இரண்டு விடைகளையும் கூட்டினால் மூன்றாவது வர வேண்டும். கவனியுங்கள், 'கூட்டினால்' என்றேன். தர வேண்டியதற்கு ஏற்கெனவே கழித்தல் குறி இருக்கிறது. பலர் அதை மறந்து, கீழே வந்து மறுபடியும் ஒருமுறை கழிக்கிறார்கள். 3,84,000-லிருந்து −3,71,600-ஐக் கழித்தால் எக்செல் 7,55,600 என்று காட்டும். கழித்தலைக் கழித்தால் கூட்டல்தானே. பள்ளியில் படித்ததுதான், ஆனாலும் மாத முடிவில், இரவு பத்து மணிக்கு, யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. குறியைத் தொகையில் வைத்தால் சூத்திரத்தில் கூட்டுங்கள். தொகையைக் குறியில்லாமல் எழுதினால் சூத்திரத்தில் கழியுங்கள். இரண்டிலும் வைத்தால் கடன் எல்லாம் சொத்தாகிவிடும்.

இனி அந்த இரண்டு இடத்து மனிதர். இவரிடம் கொஞ்சம் நின்று போக வேண்டும், ஏனென்றால் மேலே சொன்ன முறை இவரிடம்தான் வழுக்குகிறது.

இவருடைய முன்பணம் 60,000 கூட்டலாக ஒரு வரியில் இருக்கிறது, கிரயம் 38,000 கழித்தலாக இன்னொரு வரியில். கணினிக்கு இவை இரண்டு வரிகள், அவ்வளவுதான். ஒரே ஆள் என்பது அதற்குத் தெரியாது. ஆகவே வர வேண்டியதில் 60,000-ஐயும் தர வேண்டியதில் 38,000-ஐயும் முழுதாகச் சேர்த்துவிட்டது. உண்மையில் அவர் உங்களுக்குத் தர வேண்டியது 22,000 மட்டும். அவருக்குள் நேர்செய்துவிட்டுப் பிரித்தால் வர வேண்டியது 3,46,000 ஆகவும், தர வேண்டியது 3,33,600 ஆகவும் குறைகிறது. நிகரம் அதே 12,400. இதுதான் தொல்லை: அடிவரி மாறாது, அதனால் தவறு கண்ணில் படவே படாது. நிகரம் நோட்டோடு ஒத்துப்போகிறது என்று கோப்பை மூடிவிடுவீர்கள்.

சரிசெய்ய, முதலில் ஆளுக்கு ஒரு வரி என்று சுருக்குங்கள். பெயர்கள் ஏ நெடுவரிசையில் இருந்தால், இ (டி-க்கு அடுத்த ஆங்கில எழுத்து) நெடுவரிசையில் ஒவ்வொரு பெயரையும் ஒரே முறை எழுதிவிட்டு, எஃப்2 கட்டத்தில் இப்படிப் போடுங்கள்:

=சம்இஃப்($ஏ$2:$ஏ$200,இ2,$சி$2:$சி$200)

டாலர் குறியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சூத்திரத்தைக் கீழே இழுக்கும்போது 2 முதல் 200 வரையுள்ள எல்லை நகராமல் அது பிடித்துவைக்கும். பிறகு முதலில் சொன்ன மூன்று வரிகளை சி நெடுவரிசைக்குப் பதில் எஃப் நெடுவரிசைக்குப் போடுங்கள். பெயர்கள் மட்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு வரியில் இனிஷியலோடும் இன்னொரு வரியில் இல்லாமலும் எழுதினால் எக்செல்லுக்கு அவர்கள் இரண்டு பேர். பெயருக்குப் பின்னால் தெரியாமல் தட்டிய ஓர் இடைவெளி போதும், ஆள் மாறிவிடுவார்.

ஆனால் இதைச் செய்யும் முன் மாமனாரிடம் ஒன்று கேளுங்கள். அந்த 60,000 எந்தப் பேச்சில் கொடுத்தது? ஒவ்வொரு ஏலத்திலும் பிடித்தம் செய்து கழிப்பதாகப் பேச்சா, அல்லது படகு உங்களிடமே மீன் போடும்வரை முன்பணம் அப்படியே நிற்கும் என்று பேச்சா? துறைமுகத் தொழிலில் இரண்டு வழக்கமும் உண்டு. முதல் வகை என்றால் நேர்செய்வது சரி. இரண்டாவது வகை என்றால் நேர்செய்யவே கூடாது: கிரயம் 38,000-ஐ நீங்கள் கையில் கொடுத்தாக வேண்டும், 60,000 இப்போதைக்குத் திரும்பி வராது. அப்படி நிற்கும் முன்பணங்களைத் தனி ஷீட்டுக்கு மாற்றிவிடுங்கள். அன்றாடப் பாக்கியோடு அதைக் கலக்காதீர்கள்.

மீன்பிடித் தடைக்காலத்தில் இது இன்னும் முக்கியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். மீன் வராது, ஆகவே தர வேண்டிய கிரயம் ஏறாது. வலை சீர்செய்யவும் இன்ஜின் பார்க்கவும் முன்பணம் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். உங்கள் ஷீட்டில் கூட்டல் பக்கம் உப்பும், கழித்தல் பக்கம் சுருங்கும், நிகரம் அழகாக ஏறும். அதைப் பார்த்துத் தொழில் செழிக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கல்லாவில் பணம் இருக்காது.

அடுத்து, வங்கியிலிருந்து ஒட்டிய தொகைகள். இங்கே உங்கள் மீது தவறு இல்லை. கணினிமயம் என்று நாளெல்லாம் பேசுகிற வங்கிகள், வாடிக்கையாளர் தன் கணக்கைக் கேட்டால் பிடிஎஃப் ஒன்றை நீட்டுகின்றன. எக்செல்லில் திறக்கக்கூடிய கோப்பாகக் கேளுங்கள், பல வங்கிகளின் இணையச் சேவையில் அந்த வசதி இருக்கிறது. கவுன்டரில் மட்டும் அதை யாரும் வாய்திறந்து சொல்வதில்லை. பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்த தொகை பார்க்க எண் மாதிரி இருக்கும், உள்ளே அது எழுத்து. 'சம்' எழுத்துகளைக் கூட்டாது. கூட்டவில்லை என்று சொல்லவும் சொல்லாது. பிழை காட்டியிருந்தால் நீங்கள் அன்றே பிடித்திருப்பீர்கள்.

கண்டுபிடிப்பது எளிது. இடம்வலம் ஒதுக்கீட்டை நீங்கள் மாற்றாமல் இருந்தால் உண்மையான எண் கட்டத்தின் வலது ஓரத்தில் ஒட்டி நிற்கும், எழுத்து இடது ஓரத்தில் நிற்கும். இன்னும் உறுதியாக வேண்டுமானால் பக்கத்துக் கட்டத்தில் =இஸ்நம்பர்(சி2) போடுங்கள் (ஆங்கிலத்தில் ஐ, எஸ், அதோடு 'நம்பர்' என்ற சொல், நடுவே இடைவெளி இல்லாமல்). 'ஃபால்ஸ்' என்று வந்தால் அது எண் இல்லை.

கழித்தல் குறி எண்ணுக்குப் பின்னால், 1,500- என்று நின்றால், அந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து 'டேட்டா' பட்டியில் 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' அழுத்துங்கள். மூன்றாவது படியில் 'அட்வான்ஸ்டு' என்ற பொத்தான் இருக்கும். அதற்குள் கடைசிக் கழித்தல் குறி பற்றிய கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடித்துக்கொள்ளுங்கள்.

குறி முன்னாலேயே இருந்தும் கழியவில்லை என்றால், அது பெரும்பாலும் கழித்தல் குறி போலத் தெரிகிற, சற்றே நீண்ட வேறொரு குறி. அச்சுக்கு அழகாக இருக்கும், எக்செல்லுக்குப் புரியாது. கட்டத்துக்குள் போய் அந்தக் குறியை மட்டும் நகலெடுங்கள். நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொண்டு 'ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்' பெட்டியில் மேல் வரியில் அதை ஒட்டுங்கள், கீழ் வரியில் விசைப்பலகையின் சாதாரணக் கழித்தல் குறியைத் தட்டுங்கள், 'ரீப்ளேஸ் ஆல்' கொடுங்கள். தொகைகள் ஒவ்வொன்றாக வலப்பக்கம் ஓடுவதைக் கண்ணால் பார்க்கலாம். ஓடாமல் நிற்பவற்றில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒட்டியிருக்கும். அதையும் இதே முறையில் நகலெடுத்து, கீழ் வரியை வெறுமையாக விட்டு மாற்றுங்கள்.

இப்போது அந்த 6,000 ரூபாய்க்காரர். கழித்தல் குறியை 'எடுத்துவிடுவது' என்பதற்கு இந்த ஊர்களில் நான் பார்க்கும் அர்த்தங்கள் இரண்டு. ஒன்று, எல்லாத் தொகைகளையும் குறியில்லாமல் செய்து கூட்டுவது. உங்கள் கணக்கில் அது 7,55,600 காட்டும். வர வேண்டியதும் தர வேண்டியதும் சேர்ந்த அந்தத் தொகைக்கு எந்தப் பொருளும் இல்லை. ஆனால் வங்கிக் கடனுக்கு அலைகிறவர்களிடம் இதைத்தான் 'விற்றுமுதல்' என்று அச்சடித்துக் கொடுக்கிறார்கள். தாளில் கையெழுத்து உங்களுடையது; நாளைக்கு வங்கி கேள்வி கேட்டால் போட்டுக் கொடுத்தவர் போனை எடுக்க மாட்டார்.

இரண்டாவது இன்னும் நாசூக்கானது. தொகையைத் தொடாமல், கட்டத்தின் காட்சி வடிவத்தை மட்டும் மாற்றிவிடுவார்கள். 'ஃபார்மட் செல்ஸ்' பெட்டியில் 'கஸ்டம்' என்ற இடத்தில் 0;0 என்று எழுதினால் போதும், கழித்தல் எண் எல்லாம் குறியில்லாமல் காட்சி தரும். உள்ளே −38,000 அப்படியே இருக்கும், வெளியே 38000 என்று தெரியும். கூட்டுத்தொகை ஒன்று சொல்லும், கண் ஒன்று சொல்லும். சந்தேகம் வந்தால் அந்தக் கட்டத்தைச் சொடுக்கி, மேலே உள்ள சூத்திரப் பட்டையைப் பாருங்கள். அங்கே குறி மறையாது. அச்சடித்த தாளை மட்டும் காட்டி, கோப்பைக் காட்ட மாட்டேன் என்பவரிடம் கணக்கே வைத்துக்கொள்ளாதீர்கள்.

மாதக்கணக்கில் சான்றிதழ் படிப்பு நடத்தும் இடங்கள் வட்டப்படத்துக்கு வண்ணம் தீட்டச் சொல்லிக் கொடுக்கின்றன. கழித்தல் எண்ணை எப்படிக் கூட்டுவது என்பதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவதில்லை. அங்கே விட்ட இடைவெளியில்தான் இந்த ரெடிமேட் ஷீட்காரர்கள் பிழைக்கிறார்கள். கழித்தல் தொகைகளைச் சிவப்பில் காட்ட விரும்பினால் தாராளமாகக் காட்டுங்கள். 'ஃபார்மட் செல்ஸ்' பெட்டியில் 'நம்பர்' என்ற பிரிவிலேயே குறியோடு (சில கணினிகளில் அடைப்புக்குறியோடு) சிவப்பு என்ற தேர்வு இருக்கிறது, காசு கேட்காது.

அவரிடம் ஏற்கெனவே கோப்பைக் கொடுத்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்தால் திரும்ப வாங்கும்போது கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள், பூட்டியிருந்தால் கடவுச்சொல்லையும் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். உங்கள் கணினியில் இருக்கும் பழைய கோப்பை எடுத்து, அதன்பின் நடந்த வரவு செலவை மட்டும் மாமனாரின் நோட்டைப் பார்த்து ஏற்றிவிடுங்கள். அந்த மூன்று வரிகளும் நோட்டோடு ஒத்துப்போகும்வரை நோட்டையும் தொடர்ந்து எழுதச் சொல்லுங்கள்.