புரோட்டீன் பவுடரும் கடமுடா வயிறும்: உணவியலாளரிடம் கேள்வி பதில்

அக்கா, ஜிம்மில் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. வே புரோட்டீன் பவுடரை (பால் திரிந்த தண்ணீரிலிருந்து எடுப்பது) பாலில் கலக்கிக் குடித்த ஒரு மணி நேரத்தில் வயிறு கடமுடா என்கிறது, ஒரே காற்று. தயிர் சாப்பிட்டால் ஒன்றும் செய்வதில்லை. ஏன்?

பாதிப் பதிலை நீங்களே சொல்லிவிட்டீர்கள் தம்பி. தயிர் ஒத்துக்கொள்கிறது என்றால் என் சந்தேகம் லாக்டோஸ் மேல்தான். பாலில் உள்ள இந்தச் சர்க்கரையை உடைக்கச் சிறுகுடலில் லாக்டேஸ் என்ற நொதி வேண்டும். கைக்குழந்தையில் நிறைய சுரக்கும், வளர வளர நம்மில் பலருக்குக் குறைந்துவிடும். உடையாத லாக்டோஸ் பெருங்குடலுக்கு இறங்கினால் அங்கிருக்கும் பாக்டீரியாக்களுக்குக் கொண்டாட்டம், உங்களுக்கு வாயு. தண்ணீரையும் இழுத்துக்கொள்வதால் சிலருக்கு வயிற்றாலையும் போகும். தயிரில் உறைப் பாக்டீரியா அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கை ஏற்கெனவே தின்றிருக்கும்.

ஆனால் பவுடரை மட்டும் திட்டாதீர்கள். ஒரு ஸ்கூப் (டப்பாவோடு வரும் அளவுக் கரண்டி) வே கான்சென்ட்ரேட்டில், அதாவது சாதாரண வே பவுடரில், லாக்டோஸ் ஏறக்குறைய 2 கிராம். அதைக் கலக்கும் ஒரு டம்ளர் பாலில் 10 கிராம்! லாக்டோஸ் சேராதவர்களிலும் பெரும்பாலோர் ஒரு வேளைக்கு 12 கிராம் வரை தாங்கிவிடுவார்கள். நீங்கள் அந்த எல்லையில் நிற்கிறீர்கள். ஒரு வாரம் தண்ணீரில் கலக்கி, அரை ஸ்கூப் மட்டும் குடித்துப் பாருங்கள். பைசா செலவில்லாத சோதனை. அதற்கும் அடங்காவிட்டால் ஐசொலேட், அதாவது இன்னும் சுத்திகரித்த வே பவுடர். அதில் லாக்டோஸ் 1 சதவீதத்துக்கும் கீழே.

எந்த பிராண்ட் வாங்கலாம் மேடம்?

பிராண்ட் சொல்வதில்லை. டப்பாவின் முதுகைப் படியுங்கள்.

நான் ஐசொலேட்தான், தண்ணீரில்தான். இருந்தும் உப்புசம்.

டப்பாவின் முதுகு! சார்பிட்டால், மால்டிட்டால், இன்யூலின் என்று ஏதாவது இருக்கிறதா? இனிப்புக்கும் நார்ச்சத்துக்கும் சேர்ப்பவை, இவையும் லாக்டோஸ் போலவே பெருங்குடலில் போய்ப் புளிக்கும். 'சுகர் ஃப்ரீ' என்று முன்பக்கம் பெரிதாகப் போட்டிருந்தால் பின்பக்கத்தை இரண்டு தடவை படியுங்கள். சுவையூட்டாத பவுடருக்கு மாறிப் பாருங்கள். அப்புறம், ஷேக்கரைக் குலுக்கி நுரையோடு மடமடவென்று குடித்தால் பாதிக் காற்று வாய்வழியாகவே உள்ளே போகிறது.

குடித்ததும் உதடு வீங்கி உடம்பெல்லாம் தடிப்பு வந்தது. இதுவும் லாக்டோஸா?

இல்லை. இது பால் புரத ஒவ்வாமையாக இருக்கலாம். அந்த டப்பாவை இனி தொடாதீர்கள், இன்றே மருத்துவரைப் பாருங்கள். மூச்சுத் திணறினால் நேராக அவசர சிகிச்சைக்கு.

வே என்பது பால் திரிந்த தண்ணீர்தானே? பனீர் செய்துவிட்டு அந்தத் தண்ணீரைக் குடித்தால் போதாதா? ஏன் ஆயிரக்கணக்கில் கொட்ட வேண்டும்?

வந்துவிட்டதா! பெயர் ஒன்றுதான், சரக்கு வேறு. ஒரு லிட்டர் பனீர் தண்ணீரில் புரதம் 5 கிராம் தேறினால் அதிகம். பாலைக் கொதிக்கவிட்டுத் திரிப்பதால் வே புரதத்தில் பெரும்பகுதி பனீரோடேயே ஒட்டிக்கொள்கிறது. தண்ணீரில் மிஞ்சுவது லாக்டோஸ், லிட்டருக்கு 40 கிராமுக்கு மேல். அதாவது வயிற்றைக் கெடுப்பது முழுசாக, தசைக்கானது சொட்டாக.

மேலே கேட்டவருக்காக நான் பேசுகிறேன். எங்கள் வீட்டில் காலங்காலமாக அதைக் குடிக்கிறோம், ஒன்றும் ஆனதில்லை.

உங்களுக்கு லாக்டேஸ் நன்றாகச் சுரக்கிறது, வாழ்த்துகள். குடிப்பது கெடுதல் என்று நான் சொல்லவில்லை. ஒரு ஸ்கூப்பில் கிடைக்கும் 24 கிராம் புரதத்துக்கு அந்தத் தண்ணீரை 5 லிட்டர் குடிக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

அப்படியென்றால் பவுடர் கம்பெனிக்கு வக்காலத்தா?

பனீரைத் தின்னச் சொல்கிறேன் ஐயா! புரதம் அதில்தான் போய் உட்கார்ந்திருக்கிறது. லாக்டோஸும் குறைவு. பவுடரே வேண்டாம் என்றாலும் எனக்குச் சம்மதம்.

பையனுக்கு 17 வயது. மாஸ் கெயினர் என்ற எடை கூட்டும் பவுடரை 3 ஸ்கூப் குடித்துவிட்டு வயிற்றாலை என்கிறான்.

அதில் பெரும்பகுதி மாவுச்சத்து, சிலவற்றில் பால் பவுடரும் உண்டு. நிறுத்துங்கள் அம்மா. இரண்டு முட்டையும் சுண்டலும் கொடுங்கள். நிறுத்தியும் ஒரு வாரத்தில் அடங்காவிட்டாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

நல்ல பிராண்ட் ஒன்று...

முதுகு.

பனீர் தண்ணீர்க்காரர் மறுபடி. சரி, அதைக் கீழேயா கொட்டுவது?

சேச்சே, சப்பாத்தி மாவு பிசையுங்கள். பஞ்சு மாதிரி வரும்.