விளம்பரத்துக்கு வட்டி கட்டும் தையல் கடை

கேள்வி: சிங்கப்பூர் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு கடைவீட்டின் மாடியில் 16 வருடமாகப் பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். உதவிக்கு ஓர் அக்கா இருக்கிறார். போன வருடம் என் நாத்தனார் மகன் வந்து, "இனிமேல் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இல்லாமல் கடை ஓடாது அத்தை, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றான். அவனுக்கு மாதம் 600 வெள்ளி ரொக்கம். விளம்பரத்துக்கு மாதம் 400 வெள்ளி என் கிரெடிட் கார்டில் போகிறது. 11 மாதம் ஆயிற்று. 4,200 ஃபாலோயர் சேர்ந்திருக்கிறார்கள். முன்பு மாதம் 102 பிளவுஸ் வரும், இப்போது 110 வருகிறது. வீடியோ எடுக்க வாங்கிய போன், ரிங் லைட், இன்ஃப்ளூயன்சர் ஒருவருக்குக் கொடுத்தது, போன தீபாவளிக்கு எடுத்த துணி எல்லாம் சேர்ந்து கார்டில் 9,000 வெள்ளி நிற்கிறது. மாதம் 270 வெள்ளி குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டுகிறேன். இந்தத் தீபாவளிக்கு 5,000 வெள்ளிக்குப் பெரிதாக விளம்பரம் செய்யலாம் என்கிறான். ஃபேஸ்புக்கில் பார்த்த ஒரு கடன் நிறுவனத்தையும் காட்டினான். கடை ஆரம்பித்தபோது முன்பணத்துக்கு நாத்தனார்தான் 3,000 வெள்ளி கொடுத்தார். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்றாலும் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. கடன் வாங்கலாமா? ரிங் லைட்டையாவது பழைய பொருள் விற்கும் கரோசல் செயலியில் விற்றுவிடட்டுமா?

பதில்: கார்டு வட்டி அதிகம், குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினால் கடன் குறையாது என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. 16 வருடம் கடை நடத்தியவர் நீங்கள். நேராக உங்கள் அளவு நோட்டுக்கே வருகிறேன்.

உங்களிடம் இன்னும் இரண்டு விவரம் கேட்டு வாங்கினேன். ஒரு பிளவுஸுக்குச் சராசரியாக 45 வெள்ளி வாங்குகிறீர்கள். லைனிங், ஹூக், நூலுக்கு 8 வெள்ளி, அக்காவுக்கு 12 வெள்ளி போனால் கையில் 25 நிற்கிறது. நீங்கள் இருவரும் சேர்ந்து ஒரு நாளைக்கு 5 பிளவுஸ் முடிப்பீர்கள். மாதம் 26 நாள் வேலை என்றால் 130. இது வாடகையைக் கணக்கில் எடுக்காத முரட்டுக் கணக்குதான். ஆனால் விளம்பரம் செய்தாலும் செய்யாவிட்டாலும் வாடகை ஒன்றுதான் என்பதால் இங்கே இது போதும்.

நாத்தனார் மகனான அந்தத் தம்பிக்கு மாதம் 600. விளம்பரத்துக்கு 400. அந்த 400க்கு மேல் பொருள், சேவை வரி 9 சதவீதம், 36 வெள்ளி. வெளிநாட்டு நிறுவனங்கள் இணையம் வழி விற்கும் சேவைகளுக்கு 2020 முதலே இங்கே இந்த வரி உண்டு. ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளியைத் தாண்டாத உங்களைப் போன்ற கடைகள் வரிக்குப் பதிவு செய்திருக்க மாட்டார்கள், அதனால் அதைத் திரும்பக் கோரவும் வழியில்லை. ஆக மாதம் 1,036 வெள்ளி. அதற்குக் கூடுதலாக வந்தது 8 பிளவுஸ், 200 வெள்ளி. அந்த எட்டும் விளம்பரத்தால்தான் வந்தது என்று தாராளமாக ஒப்புக்கொண்டாலும் மாதம் 836 வெள்ளி கையை விட்டுப் போகிறது.

இதற்குத் தம்பி சொல்லப்போகும் பதில் எனக்குத் தெரியும். "பிராண்ட் வளர நாளாகும் அத்தை, கொஞ்சம் பொறுங்கள்." சரி, பொறுத்தே பார்ப்போம். விளம்பரம் அமோகமாக வேலை செய்து, நீங்கள் இருவரும் இடுப்பொடியத் தைத்து, மாதம் 130 பிளவுஸ் முடித்தீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய 102க்கு மேல் 28. இருபத்தெட்டு இருபத்தைந்து 700 வெள்ளி. செலவோ 1,036. விளம்பரம் ஜெயித்தாலும் உங்களுக்கு நஷ்டம்தான். உங்கள் கடையில் இரண்டு மெஷினும் நான்கு கைகளும்தான் இருக்கின்றன என்பதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது.

இதில் எனக்கு உறுத்துவது விளம்பரம்கூட இல்லை, அது கார்டில் ஏறுவதுதான். ஆண்டுக்கு 26 சதவீதம் என்று வைத்தால் 9,000 வெள்ளிக்கு மாத வட்டி 195 வெள்ளி. ஒரு பிளவுஸுக்கு 25 என்றால் அது 8 பிளவுஸ். விளம்பரம் கொண்டுவந்த எட்டும் அப்படியே வங்கிக்குப் போகிறது. காஜா எடுத்து, ஹூக் வைத்து, கை வலிக்கத் தைத்தது நீங்கள். கையில் இருக்கும் காசில் விளம்பரம் செய்திருந்தால் இரண்டாம் மாதமே நிறுத்தியிருப்பீர்கள். கார்டு தானாகக் கட்டிக்கொண்டே போனதால்தான் 11 மாதம் ஓடிவிட்டது. கடை உங்கள் ஒருவர் பெயரில் தனிநபர் வணிகமாகப் பதிவானது என்றும் சொன்னீர்கள். அப்படியானால் கடைக் கடன் வேறு, வீட்டுக் கடன் வேறு என்று பிரித்துப் பேச இடமில்லை, எல்லாம் உங்கள் தலையில்தான்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஃபாலோயர்கள் எந்த ஊர் என்று வரிசையாக இருக்கிறது. முதலில் சென்னை, அடுத்து மதுரை, மூன்றாவதாகத்தான் சிங்கப்பூர், அதற்குக் கீழே ஜோகூர் பாரு. மதுரையில் இருக்கும் அம்மா உங்கள் ஆரி வேலையைப் பார்த்து இதயக்குறி போடுவார், மனமாரப் போடுவார், ஆனால் அளவு கொடுக்க உங்கள் தேக்கா வட்டாரத்துக்கு வரமாட்டார். பதிவுக்குக் கீழே இருக்கும் 'பூஸ்ட்' பொத்தானை அமுக்கிவிட்டு, யாருக்குக் காட்ட வேண்டும் என்பதைக் கவனிக்காமல் விட்டால் இப்படித்தான் ஆகும். லைக் வேண்டும் என்று கேட்டால் லைக் மலிவாகக் கிடைக்கும் இடத்தில் போய் ஃபேஸ்புக் வாங்கிக்கொண்டு வரும்.

என் மனைவி பிளவுஸ் தைக்கக் கொடுக்கும் கடைக்கு ஃபேஸ்புக் பக்கமே கிடையாது. படிக்கட்டில் நான் அரை மணி நேரம் காத்திருப்பேன். ஏன் இங்கேயே வருகிறாய் என்று கேட்டால், "அக்குள் பிடிக்காமல் தைப்பது இவர் ஒருவர்தான்" என்பாள். அவள் சொல்லி அவள் அலுவலகத்திலிருந்து மூன்று பேர் அங்கே போகிறார்கள்.

இதற்காகச் சமூக ஊடகமே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். தைத்ததைக் காட்ட அது நல்ல கண்ணாடி அலமாரி. வாரத்துக்கு இரண்டு படம், கழுத்து டிசைனும் முதுகு டிசைனும் தெரியும்படி போடுங்கள், விலையும் எழுதுங்கள். கூகுள் வரைபடத்தில் கடையின் பெயர், நேரம், மாடிக்கு ஏறும் வழி எல்லாம் சரியாக இருக்கட்டும், அதற்குக் காசில்லை. அளவு நோட்டில் ஒரு கட்டம் கூட்டி, புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் "எப்படித் தெரிந்து வந்தீர்கள்?" என்று கேட்டு எழுதுங்கள். அந்த நோட்டில்தான் 16 வருட வாடிக்கையாளர்களின் எண்கள் இருக்கின்றன. செய்தி அனுப்பலாமா என்று அவர்களிடம் முதலில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள், தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சம்மதித்தவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி போனால், 4,200 ஃபாலோயர் செய்யாததை அது செய்யும்.

காசு கொடுத்து விளம்பரம் செய்தே ஆக வேண்டும் என்றால், கார்டுக் கடன் முடிந்த பிறகு, வேலை மந்தமான மாதத்தில், முந்தின மாத லாபத்திலிருந்து 100 வெள்ளி. ஆடி மாதம் ஆல்ட்ரேஷனுக்கு, அப்புறம் தை மாதக் கல்யாணங்களுக்கு முன்னால் டிசம்பரில். சிங்கப்பூருக்குள் மட்டும், வாட்ஸ்அப்பில் விசாரிக்கிறவர்களைக் குறிவைத்து. வரியோடு 109 வெள்ளி, ஐந்து பிளவுஸ் வந்தால் செலவு திரும்பிவிட்டது. வரவில்லையா, அந்த வருடத்துக்கு அதோடு போதும். ஃபாலோயர் விற்கிறவர்கள், ஏஐ வீடியோ பேக்கேஜ்காரர்கள், 'தீபாவளி ஸ்பெஷல்' இன்ஃப்ளூயன்சர்கள் யார் வந்தாலும் ஒரே கேள்வி கேளுங்கள்: எத்தனை பிளவுஸ்? உறவில்லாத ஒருவரிடம் பேச வேண்டும் என்றால் சிங்கப்பூர் இந்தியர் வர்த்தக தொழிற்சபையில் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மையம் இருக்கிறது, ஆலோசனை இலவசம்.

இனி அந்த 5,000. உரிமம் பெற்ற கடன்கொடுப்பவர் மாதத்துக்கு 4 சதவீதம் வரை வட்டி வாங்கலாம், கடன் கொடுக்கும்போதே 10 சதவீதம் வரை கட்டணமும் எடுக்கலாம். அதாவது கைக்கு வருவது 4,500. ஆறு மாதத் தவணை என்றால் மாதம் ஏறக்குறைய 954 வெள்ளி. வட்டி, கட்டணம் சேர்த்துக் கடனின் செலவே 1,220க்கு மேல், 49 பிளவுஸ். தீபாவளிக்கு முந்தின மாதத்தில் வருகிறவர்களைத் திருப்பி அனுப்புகிறீர்கள் என்று நீங்களே போனில் சொன்னீர்கள். திருப்பி அனுப்புவதற்கு இன்னும் நாலு பேரைக் கடன் வாங்கியா கூப்பிடுவது?

அந்தக் கடன் விளம்பரம் ஃபேஸ்புக்கில் வந்தது என்பதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. உரிமம் பெற்றவர்கள் தங்கள் சொந்த இணையத்தளம், வர்த்தகத் தொகுப்பேடுகள் (டைரக்டரி), கடை வாசல், இவற்றில் மட்டும்தான் விளம்பரம் செய்யலாம். சமூக ஊடகத்திலும் குறுஞ்செய்தியிலும் வருகிறவன் பெரும்பாலும் ஆலோங்தான், அதாவது உரிமமில்லாத கந்துவட்டிக்காரன், இல்லாவிட்டால் முன்பணம் வாங்கிக்கொண்டு மறைகிற மோசடிக்காரன். அந்த எண்ணுக்குப் பதிலே போடாதீர்கள், அடையாள அட்டைப் படம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இந்த வாரம் முதல் வேலையாக, பக்கமும் விளம்பரக் கணக்கும் யார் பெயரில் இருக்கின்றன என்று பாருங்கள். தம்பி பெயரில் இருந்தால் நிர்வாக உரிமையை உங்கள் கைக்கு மாற்றிக்கொண்டு, ஓடுகிற விளம்பரங்களை நிறுத்திவிட்டு, கார்டை அதிலிருந்து எடுத்துவிடுங்கள். இதை முடித்த பிறகுதான் குடும்பப் பேச்சு. பேசிவிட்டுச் செய்யலாம் என்றால் செய்யவே மாட்டீர்கள்.

நாத்தனார் விஷயம். அவர் கொடுத்த 3,000ஐத் திருப்பிக் கொடுத்தாயிற்று. அதன் பிறகு அவர் மகனுக்குப் போனது 6,600. இதை அவரிடம் சொல்லிக்காட்ட வேண்டாம், உங்களுக்குத் தெரிந்தால் போதும், வாய் வரும். தம்பியிடம் கோபம் எதற்கு? "மாதச் சம்பளம் கட்டுப்படியாகவில்லைப்பா. உன் விளம்பரம் பார்த்து வந்தேன் என்று நோட்டில் ஏறுகிற ஒவ்வொரு புது ஆளுக்கும் 5 வெள்ளி தருகிறேன்" என்று சொல்லுங்கள். தன் வேலையில் அவனுக்கு நம்பிக்கை இருந்தால் ஒப்புக்கொள்வான். அநேகமாக வேறு வேலை வந்துவிட்டது என்பான். இரண்டுமே உங்களுக்கு நல்லதுதான்.

அவனுக்குக் கொடுத்த 600ஐயும் இப்போது கட்டுகிற 270ஐயும் சேர்த்து மாதம் 870 வெள்ளி கார்டுக்குக் கட்டுங்கள். புதிதாக எதையும் அதில் ஏற்றாவிட்டால் 26 சதவீத வட்டியிலும் ஏறக்குறைய 12 மாதத்தில் 9,000 தீர்ந்துவிடும். கைக்காசாக இப்போது போவதைவிட ஒரு வெள்ளி கூடப் போகாது. ஆறு மாதம் வட்டியில்லை என்று வங்கி அனுப்பும் பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் (கார்டுக் கடனை மாற்றிக்கொள்ளும் திட்டம்) கடிதத்தைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். முதலிலேயே கட்டணம் உண்டு, ஆறு மாதத்தில் 870 வீதம் கட்டினாலும் உங்களுக்குப் பாதிக்கடன் போல நிற்கும், அதற்கு வட்டி பழையபடி ஏறும். மாதத் தவணைக் கடனாக மாற்றித் தருகிறார்களா என்று வேண்டுமானால் வங்கியில் கேளுங்கள். வட்டி பாதிக்குக் கீழே வந்தால் மட்டும் மாறுங்கள்.

ரிங் லைட்டை விற்க வேண்டாம். கரோசலில் 15 வெள்ளிக்குப் பேரம் பேசுவார்கள். மெஷின் பக்கத்தில் நிறுத்துங்கள், ராத்திரியில் கறுப்புத் துணிக்கு ஹெம்மிங் போடும்போது கண்ணுக்கு இதமாக இருக்கும்.