வீட்டில் பாடுவதையும் வாசிப்பதையும் போனிலேயே பதிவு செய்ய எந்த ஆப் நல்லது? தனி மைக் வாங்க வேண்டுமா?

ஆண்ட்ராய்டு என்றால் பேண்ட்லேப், ஐபோன் என்றால் கராஜ்பேண்ட். இரண்டும் இலவசம். ஒரு ட்ராக்கில் குரல், அடுத்ததில் வாத்தியம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஆப் விஷயம் இவ்வளவுதான். பதிவு நன்றாக வருவது பெரும்பாலும் நீங்கள் உட்காரும் அறையையும் காதில் மாட்டும் இயர்போனையும் பொறுத்தது. இரண்டையும் நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

அக்காவுக்குக் குழந்தை பிறந்தபோது, அம்மா பாடும் தாலாட்டைப் பதிவு செய்து அனுப்ப நினைத்தேன். ஆச்சி நீலாம்பரி ராகத்தில் பாடி அம்மா கேட்டு வளர்ந்த பாட்டு, எங்கேயும் எழுதி வைத்ததில்லை. முதல் நாள் கூடத்தில் எடுத்தோம். பாடும்போது அமைதியாகத்தான் இருந்தது. போட்டுக் கேட்டால் மின்விசிறி இரைச்சல், சுவர்க்கடிகாரத்தின் டிக் டிக், மொசைக் தரையிலும் வெறும் சுவரிலும் பட்டுத் திரும்பிய எதிரொலி. நம் காது இதையெல்லாம் தானாகவே ஒதுக்கிவிடும், மைக் ஒதுக்காது.

மறுநாள் படுக்கையறைக்கு மாறினோம். மெத்தையும் தலையணையும் திறந்து வைத்த துணி பீரோவும் எதிரொலியை விழுங்கிவிடும். விசிறியை நிறுத்தி, கடிகாரத்தை வெளியே கொண்டுபோய் வைத்து, போனை ஏரோப்ளேன் மோடில் போட்டேன். போனின் மைக் பெரும்பாலும் சார்ஜர் சொருகும் பக்கம் இருக்கும். அந்த முனை பாடுபவரைப் பார்க்கும்படி, ஒரு முழ தூரத்தில், வாய்க்கு நேரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். நேரே வைத்தால் 'ப' வரும் இடமெல்லாம் மூச்சு மோதி 'புஸ்' என்று கேட்கும். மேல் ஸ்தாயி வரியை முதலில் பாடிப் பார்த்து, ஆப்பில் ஒலி அளவைக் காட்டும் மீட்டர் சிவப்பைத் தொடாதபடி வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு மெட்ரோனோம் (ஒரே சீராக அடி தட்டும் ஒலி) ஒத்துவரவில்லை. தொட்டில் ஆட்டும் நடையில், வரியின் கடைசியில் கொஞ்சம் இழுத்துப் பாடுவார். 'டொக் டொக்' காதில் விழுந்ததும் அந்த இழுப்பே போய்விட்டது. அதை நிறுத்திவிட்டு, ஐந்து கட்டைச் சுருதியை மட்டும் ஒரு காதில் கொடுத்தேன் (ஆப்களில் இது 'ஜி' என்று இருக்கும்). தொடையில் மெல்லத் தட்டிக்கொண்டே முழுப் பாட்டையும் நிறுத்தாமல் பாடி முடித்தார். தாள வாத்தியம் சேர்ப்பதாக இருந்தால் மெட்ரோனோம் வேண்டும். அதில் நான்கு அடிக் கட்டம் இரண்டு சேர்ந்தால் ஆதி தாளத்தில் ஒரு ஆவர்த்தனம், அதாவது ஒரு முழுச் சுற்று.

அப்புறம் அதன்மேல் வயலின் வாசித்தேன், ப்ளூடூத் இயர்போன் போட்டுக்கொண்டு. வாசிக்கும்போது சரியாகவே இருந்தது. திருப்பிக் கேட்டால் ஒவ்வொரு ஸ்வரமும் அம்மாவின் குரலுக்குப் பின்னால் இழுபட்டு வந்தது. என் கைதான் தவறுகிறது என்று நினைத்து ஒரு மாலை முழுக்கத் திரும்பத் திரும்ப வாசித்தேன். காரணம் ப்ளூடூத். அதில் ஒலி காதுக்கு வந்து சேரவே பெரும்பாலும் 100 முதல் 200 மில்லி செகண்ட் ஆகிவிடும். நிமிடத்துக்கு 60 அடி வேகத்தில், அடிக்கு நான்கு ஸ்வரம் வாசித்தால் ஒரு ஸ்வரத்துக்கு 250 மில்லி செகண்ட்தான். அப்படியானால் கிட்டத்தட்ட அரை ஸ்வரத்திலிருந்து முக்கால் ஸ்வரம் வரை பின்தங்குகிறது! வயர் இயர்போன் போட்டதும் தீர்ந்தது. மிச்சமிருந்த சின்னத் தாமதத்தை, அந்த ட்ராக்கை விரலால் கொஞ்சம் முன்னே நகர்த்திச் சரிசெய்தேன்.

தனி மைக் இப்போதைக்கு வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல வயர் இயர்போன் வாங்குங்கள். போனில் இயர்போன் துளை இல்லையென்றால் சார்ஜர் சொருகும் துளைக்கு ஏற்ற கன்வெர்ட்டரும் தேவைப்படும்.

முடித்ததை எம்பி3 ஆக மட்டும் வைக்காமல் தரம் குறைக்காத வேவ் (WAV) கோப்பாகவும் சேமியுங்கள். ஸ்டீரியோவில் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி பிடிக்கும். வாட்ஸ்அப்பில் ஆடியோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்பினால் தரம் குறையாமல் போய்ச் சேரும். அக்காவுக்கு அப்படித்தான் அனுப்பினேன்.