மூக்குக் குழாயில் ராகிக் கஞ்சி அடைக்கிறதா?

பாலக்கோட்டிலிருந்து கேட்டிருந்தீர்கள்: பக்கவாதம் வந்த அப்பாவுக்குக் குழாய் வழியாக ராகிக் கஞ்சி கொடுக்கிறீர்கள், குழாய் அடிக்கடி அடைக்கிறது, நடுவில் இருமலும் வருகிறது என்று.

முதலில் இருமலைக் கவனிப்போம், அடைப்பு அப்புறம். இருமினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே நிறுத்துங்கள். கஞ்சி நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். மூக்கருகே குழாயில் போட்ட குறி நகர்ந்திருந்தால் நீங்களே உள்ளே தள்ளாதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குறி சரியாக இருந்தும் இருமல் வந்தால், டாக்டரிடம் காட்டாமல் அடுத்த வேளை கொடுக்க வேண்டாம். எப்போது கொடுத்தாலும் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்கட்டும், முடிந்தபின் ஒரு மணி நேரமும் அப்படியே.

சரி, ராகி. நம் பக்கத்தில் அதை விடச் சொன்னால் யார் கேட்பார்கள்? முளைகட்டிய ராகி மாவுக்கு மாறுங்கள். முளைக்கும்போது உண்டாகும் நொதி மாவுச்சத்தை உடைப்பதால் கஞ்சி அவ்வளவு கெட்டியாகாது. துணியில் வடிகட்டி, வெதுவெதுப்பாக, சிரிஞ்சை உயர்த்திப் பிடித்துத் தானாக இறங்க விடுங்கள். முன்னும் பின்னும் 30 மில்லி கொதித்து ஆறிய தண்ணீர். அடைப்புக்குப் பாதிக் காரணம் மாத்திரைத் தூள்தான் என்பது என் சந்தேகம். கஞ்சியோடு கலக்காமல் தனியாகக் கரைத்துக் கொடுங்கள். எதைப் பொடிக்கலாம் என்று மருந்தாளுநரிடம் கேளுங்கள், சிலவற்றைப் பொடிக்கவே கூடாது.

ராகியில் கால்சியம் அதிகம், புரதம் குறைவு. பால், வடிகட்டிய பருப்பு எவ்வளவு சேர்க்கலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள். 2021-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.