நிலத்தடியில் இருப்பதும் குழாயில் வருவதும்

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்திலிருந்தும் வாளையாறு, கஞ்சிக்கோடு பக்கத்திலிருந்தும் வந்த கடிதங்களில் பல எரிபொருளைப் பற்றியே இருந்தன. அவற்றில் ஐந்தைச் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

பதினோராம் வகுப்பு மாணவி, கொழிஞ்சாம்பாறை: ஐயா, பள்ளி வினாடி வினாவில் எண்ணெய் வளம் மிகுந்த நாடு எது என்று கேட்டார்கள். அமெரிக்கா என்றேன். தவறு, வெனிசுவேலா என்றார்கள். ஆனால் உலகில் அதிகம் எண்ணெய் எடுப்பது அமெரிக்கா என்று செய்தித்தாளில் படித்திருக்கிறேன். இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும்?

இரண்டும் சரிதான், மகளே. நீ சொன்னது வேறொரு கேள்விக்கு உரிய விடை. ஆழியாறு அணையில் இன்று எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பது ஒரு கணக்கு. மூலத்தறைத் தடுப்பணையிலிருந்து கால்வாய் வழியே வந்து கடைமடை வயலை நனைக்கும் தண்ணீர் எவ்வளவு என்பது இன்னொரு கணக்கு. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தத்தைப் பற்றி உன் வீட்டுப் பெரியவர்கள் கோடைதோறும் பேசுவது இந்த இரண்டாவது கணக்கைத்தான். எண்ணெயில் முதல் கணக்குக்குக் கையிருப்பு என்றும் இரண்டாவதற்கு உற்பத்தி என்றும் பெயர்.

கையிருப்பில் வெனிசுவேலா ஏறத்தாழ 30,300 கோடி பீப்பாயுடன் முதலிடத்தில் நிற்கிறது. ஒரு பீப்பாய் என்பது ஏறக்குறைய 159 லிட்டர். அடுத்து சவூதி அரேபியா சுமார் 26,700 கோடி, அதன்பின் ஈரான், கனடா, ஈராக், ஐக்கிய அரபு அமீரகம், குவைத், ரஷ்யா என்று வரிசை போகிறது. அமெரிக்காவின் கையிருப்போ, அந்நாட்டு அரசின் கணக்குப்படியே, 5,000 கோடி பீப்பாய்க்கும் குறைவு. அப்படியிருந்தும் அது நாளொன்றுக்குச் சுமார் 1.3 கோடி பீப்பாய் கச்சா எண்ணெய் எடுக்கிறது. சவூதியும் ரஷ்யாவும் தனித்தனியே 90 லட்சத்துக்கும் ஒரு கோடிக்கும் இடையில் நிற்கின்றன. வெனிசுவேலா 2024இல் எடுத்ததோ நாளுக்கு 10 லட்சம் பீப்பாயைக்கூட எட்டவில்லை. 1990களின் இறுதியில் அதே நாடு 30 லட்சத்துக்கு மேல் எடுத்துக்கொண்டிருந்தது.

இந்தச் சரிவுக்கு முதல் காரணம் எண்ணெயின் தன்மை. வெனிசுவேலாவின் வளத்தில் பெரும்பகுதி ஒரினோகோ ஆற்றுப் படுகையில் இருக்கும் மிகக் கனமான எண்ணெய். அது தண்ணீர் போல ஓடாது. குளிர்ந்த வெல்லப்பாகு போல இழுபடும். நம் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் பாகு காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்: சூடாக இருக்கும்வரை அகப்பையிலிருந்து வழியும் பாகு, ஆறியதும் அகப்பையோடு ஒட்டிக்கொண்டு வர மறுக்கும். அந்த எண்ணெயைக் குழாயில் செலுத்த வேண்டுமானால் நாப்தா போன்ற இலேசான எண்ணெயைக் கலந்து இளக்க வேண்டும், அல்லது தனி ஆலையில் பக்குவப்படுத்த வேண்டும். இரண்டுக்கும் பணமும் கைதேர்ந்த ஆட்களும் தேவை. 2002–03 வேலைநிறுத்தத்துக்குப் பின் அந்நாட்டு அரசு எண்ணெய் நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 18,000 பேர் நீக்கப்பட்டார்கள். கிணறுகளின் போக்கை அறிந்தவர்கள் ஒரே நேரத்தில் வெளியேறினார்கள். பிறகு முதலீடு வற்றியது. 2019இல் அமெரிக்கா விதித்த கடும் பொருளாதாரத் தடைகள் மிச்சத்தையும் முடக்கின.

அமெரிக்காவின் கதை நேர் எதிரானது. 1970இல் நாளுக்கு 96 லட்சம் பீப்பாய் எடுத்த நாடு, 2008இல் 50 லட்சத்துக்கு இறங்கிவிட்டது; அதன் காலம் முடிந்தது என்றே பலரும் எழுதினார்கள். ஆனால் இறுகிய களிப்பாறைக்குள் கிணற்றைப் படுக்கை வாட்டில் திருப்பிக் கொண்டுபோய், மணலும் வேதிப்பொருளும் கலந்த நீரை மிகுந்த அழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளக்கும் முறை பரவியதும், டெக்சாஸ், நியூ மெக்சிகோ மாநிலங்களின் பெர்மியன் படுகை பொங்கியது. 2018இல் அமெரிக்கா முதலிடத்துக்கு வந்தது. இத்தகைய கிணறு முதல் ஆண்டிலேயே பாதிக்கு மேல் சுரப்பு குறைந்துவிடும் என்பதால், நின்ற இடத்தில் நிற்பதற்கே புதிது புதிதாகத் தோண்டிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

சவூதியின் பலம் இந்த இரண்டிலும் சேராது. 1948இல் கண்டறியப்பட்ட கவார் வயல் சுமார் 280 கிலோமீட்டர் நீளம் கொண்டது. பாலக்காட்டிலிருந்து திருவனந்தபுரத்துக்கு நேர்கோடு இழுத்தால் அதையும் விஞ்சும். எண்ணெய் இலேசானது, எடுக்கும் செலவும் குறைவு. வேண்டும்போது கூட்டவும் குறைக்கவும் முடிந்த நாடு என்பதால்தான் 1960இல் பாக்தாத்தில் ஐந்து நாடுகள் கூடித் தொடங்கிய, எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக்கில் சவூதியின் சொல்லுக்கு இன்றும் எடை இருக்கிறது. அந்த ஐந்தில் வெனிசுவேலாவும் ஒன்று என்பதை அடுத்த வினாடி வினாவுக்காக நினைவில் வைத்துக்கொள்.

ஓய்வு பெற்ற அலுவலர், வேலந்தாவளம்: நான் படித்த காலத்தில், எண்ணெய் இன்னும் முப்பது ஆண்டில் தீர்ந்துவிடும் என்றார்கள். அந்த முப்பது ஆண்டு கடந்து பல காலம் ஆகிறது. இப்போது ஐம்பது ஆண்டு என்கிறார்கள். எதை நம்புவது?

அந்த எண்ணை ஒரு கெடுநாளாகக் கொள்ள வேண்டாம், ஐயா. அது வெறும் வகுத்தல் கணக்கு. உலகின் உறுதிசெய்யப்பட்ட கையிருப்பு ஏறத்தாழ 1.7 லட்சம் கோடி பீப்பாய். அதை ஓராண்டில் எடுக்கும் அளவால் வகுத்தால் சுமார் 50 வருகிறது. 1980 வாக்கில் இதே வகுத்தலுக்கு 30 வந்தது. இடைப்பட்ட காலத்தில் புதிய வயல்கள் கிடைத்தன. அதைவிட முக்கியமாக, ‘உறுதிசெய்யப்பட்ட’ என்ற சொல்லின் எல்லைக்குள் புதிய வளங்கள் வந்தன. இன்றைய தொழில்நுட்பத்தால், இன்றைய விலையில், எடுத்து விற்கக் கட்டுபடியாகும் எண்ணெய்தான் இந்தக் கணக்கில் சேரும். கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்து எண்ணெய் மணல் யுகயுகமாக அங்கேயே கிடந்தது. 2002 இறுதியில் அதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டதும் அந்நாட்டின் கையிருப்பு 500 கோடியிலிருந்து 18,000 கோடி பீப்பாயாக ஒரே தாவில் உயர்ந்தது.

எல்லாத் தாவலும் இப்படி நேர்மையானதாக இருந்ததா என்பது வேறு கேள்வி. 1980களில் ஒபெக் நாடுகள் பல, பெரிய கண்டுபிடிப்பு எதையும் அறிவிக்காமலேயே கையிருப்பு எண்ணை உயர்த்திக்கொண்டன. யார் எவ்வளவு எடுக்கலாம் என்ற பங்கீட்டுப் பேச்சில் கையிருப்பும் ஓர் அளவுகோலாக இருந்ததே அதற்குக் காரணம் என்று துறையைக் கவனிப்பவர்கள் கருதுகிறார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

தீர்ந்துவிடுமே என்ற கவலையைவிட, தீரும்வரை எரித்துவிடுவோமே என்ற கவலைதான் எனக்குப் பெரிது. புவி வெப்ப உயர்வை 2 டிகிரிக்குள் நிறுத்த வேண்டுமானால், 2050 வரை எண்ணெய்க் கையிருப்பில் மூன்றில் ஒரு பங்கும், எரிவாயுவில் பாதியும், நிலக்கரியில் 80 சதவீதத்துக்கு மேலும் தொடப்படாமல் இருக்க வேண்டும் என்று 2015இல் ‘நேச்சர்’ ஆய்விதழில் வந்த கட்டுரை கணக்கிட்டது.

ஆலைத் தொழிலாளி, வாளையாறு: எங்கள் பக்கம் சிமெண்ட் சூளைக்கு நிலக்கரி எரிக்கிறார்கள். இந்தியாவில் நிலக்கரி மலை மலையாகக் கிடக்கிறது என்கிறார்கள், ஆனால் கப்பலிலும் வாங்குகிறோமே, ஏன்?

கிடப்பது உண்மை. நிலக்கரிக் கையிருப்பில் அமெரிக்கா, ரஷ்யா, ஆஸ்திரேலியா, சீனா ஆகியவற்றுக்கு அடுத்து ஐந்தாவதாக நாம் நிற்கிறோம். உலகக் கையிருப்பில் பத்தில் ஒரு பங்கு நம் மண்ணில் இருக்கிறது. உற்பத்தியில் நமக்கு இரண்டாம் இடம். 2024–25 நிதியாண்டில் நாட்டின் உற்பத்தி முதன்முறையாக 100 கோடி டன்னைக் கடந்தது. முதலிடத்தில் உள்ள சீனாவோ உலகம் தோண்டும் நிலக்கரியில் பாதிக்கு மேல் தானே தோண்டி, ஏறத்தாழ முழுவதையும் தானே எரித்துவிட்டு, வெளியிலிருந்தும் வாங்குகிறது. கப்பலேற்றி விற்பதில் முதல்வர் இந்தோனேசியா.

நாம் வாங்குவதற்குக் காரணம் தரம். நான் ஆசிரியராக இருந்தபோது மாணவர்களை நெய்வேலிக்கு அழைத்துப் போய், திரும்பும்போது கைப்பிடியளவு பழுப்பு நிலக்கரிக் கட்டி ஒன்றைக் கொண்டுவந்து வகுப்பறை ஜன்னலில் வைத்தேன். எடுத்தபோது ஈரமும் கனமுமாக, மரக்கட்டையின் நார்கூடத் தெரியும்படி இருந்தது. ஒரு வாரத்தில் வெடிப்பு விட்டது. கோடை முடிவதற்குள் ஏடு ஏடாகப் பிரிந்து, தொட்டால் உதிர்ந்தது. அதன் அருகில் வைத்திருந்த தெலங்கானாவின் சிங்கரேணி நிலக்கரித் துண்டு கறுப்பாக, கெட்டியாக அப்படியே இருந்தது. நெய்வேலிக் கரியின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அதை ரயிலேற்றித் தொலைவுக்கு அனுப்பினால் தண்ணீருக்குத்தான் கூலி கொடுப்போம். சுரங்கத்தின் வாசலிலேயே மின் நிலையங்களைக் கட்டியதன் காரணம் அதுதான்.

சிங்கரேணி, ஜார்க்கண்ட், ஒடிசா, சத்தீஸ்கர் பகுதிக் கரி அதைவிட மேல். ஆனால் அதில் பெரும்பகுதியில் சாம்பல் 30 முதல் 45 சதவீதம் வரை இருக்கும். மின் நிலையக் கொதிகலனில் அதை எப்படியோ எரித்துவிடலாம். எஃகு உருக்கும் ஊதுலைக்குச் சாம்பல் குறைந்த, சுட்டால் கோக் என்ற கெட்டிக் கரியாக இறுகும் கரி வேண்டும். அது நம்மிடம் போதிய அளவு இல்லாததால் முக்கியமாக ஆஸ்திரேலியாவிலிருந்து வாங்குகிறோம். கரையோர மின் நிலையங்கள் சில, தொடக்கத்திலேயே இறக்குமதிக் கரிக்கென்று வடிவமைக்கப்பட்டவை. சுரங்கத்திலிருந்து வெகு தொலைவில் இருக்கும் கேரளம் போன்ற மாநிலத்துக்கு ரயில் கூலியும் சேரும்போது, கப்பல் கரி சில சமயம் கட்டுபடியாகிவிடுகிறது.

லாரி உரிமையாளர், கோபாலபுரம்: எல்லைக்கு அந்தப் பக்கம் டீசல் விலை குறைவாகவும் இந்தப் பக்கம் கூடுதலாகவும் இருப்பது ஏன்? கேரளத்துக்கு வேறு நாட்டு எண்ணெயா வருகிறது?

இல்லை. முக்கியமாக வேறுபடுவது மாநில வரிதான். பெட்ரோலும் டீசலும் ஜிஎஸ்டிக்குள் வராததால் ஒவ்வொரு மாநிலமும் தன் விருப்பப்படி வரி போடுகிறது. கேரளம் 2023 ஏப்ரலிலிருந்து லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்புக் கூடுதல் வரியும் சேர்த்தது. கொச்சியில் சுத்திகரித்த டீசல் பாலக்காட்டைத் தாண்டிக் குழாய் வழியே கோவைப் பக்கத்து இருகூருக்குப் போகிறது. அங்கே கொச்சி விலையைவிடக் குறைவாக அது விற்கப்படுவதற்கு முக்கியக் காரணம் வரிதான்.

தோப்பு வைத்திருப்பவர், கஞ்சிக்கோடு: எங்கள் நிலத்தின் ஓரமாக எரிவாயுக் குழாய்க்கான அடையாளக் கல் நட்டிருக்கிறார்கள். அதில் போவது எந்த நாட்டு வாயு? அந்த இடத்தில் தென்னை வைக்கக் கூடாது என்கிறார்கள், உண்மையா?

கொச்சி புதுவைப்பினில் 2013 முதல் இயங்கும் முனையத்தில் கப்பலிலிருந்து இறங்கும் வாயுதான், கூற்றநாடு வழியாக வாளையாறு நோக்கி வருகிறது. எரிவாயுவை மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்தால் திரவமாகி, அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்கும். அப்படித்தான் கடல் கடக்கிறது. கொச்சிக்கு ஆஸ்திரேலியாவின் கார்கன் வயலிலிருந்து வாங்க நீண்டகால ஒப்பந்தம் உண்டு. நாடு முழுவதற்கும் என்று பார்த்தால் நமக்கு மிகப் பெரிய துணை கத்தார். 2004இல் தொடங்கிய ஆண்டுக்கு 75 லட்சம் டன் ஒப்பந்தத்தை 2028க்குப் பின்னும் 20 ஆண்டு நீட்டிக்க 2024 பிப்ரவரியில் கையெழுத்திட்டார்கள்.

எரிவாயுக் கையிருப்பில் ரஷ்யா முதலிடம், ஈரான் இரண்டு, கத்தார் மூன்று. உற்பத்தியில் அமெரிக்கா, ரஷ்யா, ஈரான் என்று வரிசை மாறுகிறது. இதில் ஈரானும் கத்தாரும் உண்பது ஒரே கிணற்றிலிருந்து என்பது பலருக்குத் தெரியாது. பாரசீக வளைகுடாவின் அடியில் உலகின் மிகப் பெரிய வாயு வயல் ஒன்று கிடக்கிறது. கடல் எல்லைக்கு வடக்கே அதற்குத் தென் பார்ஸ் என்று பெயர், தெற்கே வட வயல் என்று பெயர். இரண்டு தோப்புக்கும் நடுவரப்பில் ஒரே ஊற்றுக் கிணறு இருந்தால் எவ்வளவு பேச்சு நடக்குமோ, அவ்வளவும் அங்கே உண்டு. கத்தார் குளிர்விக்கும் ஆலைகளைக் கட்டி 1996 இறுதியிலேயே கப்பலேற்றத் தொடங்கிவிட்டது. தடைகளால் அந்தத் தொழில்நுட்பம் கிட்டாத ஈரான், எடுப்பதில் பெரும்பகுதியைத் தன் வீடுகளிலும் ஆலைகளிலுமே எரிக்கிறது. கத்தாரின் கப்பல்கள் எல்லாம் வளைகுடாவின் குறுகிய வாயிலான ஹோர்முஸ் நீரிணையைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும்; 2023–24இல் உலகம் பயன்படுத்திய எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கும் அந்த வழியாகவே போனது. அங்கே பதற்றம் என்று செய்தி வந்தால் நம் அடுப்பங்கரை வரை அதன் சூடு எட்டுவது இதனால்தான்.

தென்னை பற்றிக் கேட்டது உண்மை. குழாய்க்கென்று எடுத்த பட்டை நிலத்தில் உரிமை உங்களுடையதாகவே இருந்தாலும், 1962ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே கட்டடம் எழுப்பவோ, கிணறு குளம் வெட்டவோ, மரம் நடவோ கூடாது. நிலக்கடலை, காய்கறி போன்ற பருவப் பயிர்களை வைக்கலாம். பட்டையின் அகலம் எதுவரை என்பதைக் கல்லில் உள்ள எண்ணுக்குப் பேசிக் கேட்டுக்கொண்ட பிறகு வரப்பை மாற்றுங்கள்.